அமாவாசைக்குத் தறி ஓடாது

ஆரணி,
12.2.2024

டெல்லிப் பட்டணத்தில் உட்கார்ந்து தேசத்தின் தலையெழுத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் என் மருமகள் லாவண்யாவுக்கு, ஆரணிப் பட்டு ராஜ்ஜியத்தின் ஒற்றைத் தறி அதிபதியும், உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்ததால் ஒரு தோள் இறங்கிப்போன உன் தாய்மாமனுமாகிய மாணிக்கவேல் எழுதும் ஓலை.

இங்கு நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே அடிக்கிற குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா? தெரிவிக்கவும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அத்தை கற்பகம் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். ராஜாங்க ரகசியங்களை ஸ்பீக்கரில் பேசமுடியாது.

ரகசியம் இதுதான். தை அமாவாசையன்று இளவரசி துர்கா ஊருக்கு வெளியே இருக்கும் ரைஸ் மில்லைத் திடீர் ஆய்வு செய்தாள். அன்று தறிக்கு விடுமுறை. அமாவாசையில் எங்கள் தெருவில் கைத்தறி, விசைத்தறி எதுவும் ஓடாது. அதனால் நான் வீட்டில்தான் இருந்தேன். இருந்தும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டாள். பதினோரு வயது, வாயில் ஒரு வார்த்தை கிடையாது, கால்களில் மட்டும் நாலு குதிரை. மில்லில் இருபதினாயிரம் தொழிலாளர்கள் (மூன்று பேர்) எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். பெல்ட் பக்கம் அவள் போகவில்லை. போனாலும் மில்காரர் ஸ்விட்சை அணைத்துவிட்டார். ஆகவே ஒன்றுமில்லை.

ஐக்கிய நாடுகள் சபைக்கு அடுத்தபடியாக உலகில் உள்ள பெரிய அமைப்பு எங்கள் உடனிருப்போர் அறக்கட்டளை என்பது உனக்குத் தெரியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் ஐந்து குடும்பங்கள், எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர் நான். செயலாளர் கடைசி வீட்டு ரேணுகாம்பாள். அவள் மகன் கோபிநாத்தும் துர்காவும் கூட்டாளிகள். பேசிக்கொள்ளமாட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவார்கள். நாங்கள் கூடிப் பேசியதில் ஒரு மாபெரும் உண்மை வெளிப்பட்டது. எங்கள் பிள்ளைகள் எல்லாருமே வீட்டைவிட்டு ஓடுவது அமாவாசையில்தான்! தெருவில் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்: "அமாவாச வந்தா இதுங்களுக்கு ஏறிக்கும்." நீ வேலை செய்யும் கமிட்டியில் இதைச் சமர்ப்பி. நிலாவின் மேல் மத்திய அரசு வழக்குப் போடட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சோளச் சப்பாத்தியை நம்பாதே.

இங்ஙனம், ரைஸ் மில் வென்றாளின் தந்தை,
மாணிக்கவேல்


டெல்லி,
26.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். மூக்கு பத்திரம். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? துர்கா சரியாகச் சாப்பிடுகிறாளா?

இருபதினாயிரம் தொழிலாளர்கள் வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தேன். "போனாலும் ஸ்விட்சை அணைத்துவிட்டார்" என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பெல்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போனாள், மாமா? நேராகச் சொல்லுங்கள்.

இந்தக் குழந்தைகள் காணாமல் போவதைத் தடுக்க நாடு முழுவதற்கும் ஒரு வழிகாட்டுதல் எழுதுவதுதான் எங்கள் கமிட்டியின் வேலை. சின்ன அமைப்புகளும் கருத்து அனுப்பலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அமாவாசை என்று எழுதி அனுப்பினால் எங்கள் செயலர் ஜெயச்சந்திரன் சார் அதைச் சுண்டல் மடிக்கத்தான் எடுத்துவைப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வரைவில் இப்போது இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, குழந்தை பதற்றமாக இருக்கும் நேரத்தில் அதை ஓசையில்லாத ஓர் அறையில் வைத்திருப்பது. இவர்களில் நிறையப் பேருக்குச் சத்தம் ஆகாது அல்லவா? அதை நீங்கள் செய்து பாருங்கள். இரண்டாவது, திரும்பத் திரும்பக் காணாமல் போகும் குழந்தையைப் பாதுகாப்பு இல்லத்தில் சேர்ப்பது. அது வெறும் வரைவுதான். அதை நினைத்துப் பயப்படாதீர்கள்.

துர்காவுக்கு முத்தம் கொடுக்கவேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
லாவண்யா


ஆரணி,
14.3.2024

பயப்படாதே என்று ஒரு பட்டாளத்துக்கே ஆணையிடும் தளபதி லாவண்யாவுக்கு ஆசிகள். எல்லாரும் சுகம். உன் அத்தையின் முழங்கால் மழை வரும் வராது என்று வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறது.

உன் சொல்லைத் தட்டாமல் பின்கட்டு அறையை மௌன மண்டபமாக மாற்றிவிட்டேன். சுவரெங்கும் பழைய மெத்தை, ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்கில் கழிவுப் பஞ்சு. உள்ளே எறும்பு தும்மினால் எறும்புக்கே கேட்காது. மாசி அமாவாசையன்று காலையிலேயே இளவரசியை அதில் குடியேற்றினோம். சற்றே விளையாடினாள். கதவு தோற்றுவிட்டது என்று சொல்லமுடியாது, கீல் மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. உன் அத்தைக்குக் கையில் ஒரு கீறல், கடுகளவு. சாயங்காலம் எல்லாம் அடங்கிவிட்டது. மறுநாள் தெருவே வழக்கம்போல, அவளும் வழக்கம்போல.

ஆகவே மாபெரும் வெற்றி என்று கமிட்டிக்கு அறிவித்துவிடலாம்.

நீ சொன்ன அந்தப் பாதுகாப்பு இல்லம் எங்கே இருக்கும்? ஆரணிக்குப் பக்கத்திலா, வேறு மாவட்டத்திலா? அங்கே பெற்றவர்கள் தங்கலாமா? பார்க்க எப்போது விடுவார்கள்? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

வேளைக்குத் தின்று, தைரியமாக இரு.

மௌன மண்டபம் கட்டிய மாமன்னன்,
மாணிக்கவேல்


ஆரணி,
13.4.2024

அன்புள்ள லாவண்யாவுக்கு கற்பகம் அத்தை எழுதுவது. நீ நல்லா இருக்கியா கண்ணு? நான் எழுதினது உன் மாமாவுக்குத் தெரியவேண்டாம். போனில் பேசலாம் என்றால் பக்கத்திலேயே நிற்கிறார்.

அவர் உனக்கு என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உனக்கு எழுதும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டு எழுதுவார். முடித்ததும் வாசலில் போய் நின்றுவிடுவார். கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

அந்த அறை வேண்டாம் லாவண்யா. பங்குனி அமாவாசையன்று உள்ளே விட்டுப் பூட்டினோம். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி விரல் நகமெல்லாம் ரத்தம். தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். மெத்தை இருந்ததால் தலை பிழைத்தது. "கொழந்தய கொன்னுடுவோம்ங்க, தொறந்துடுங்க"ன்னு நான்தான் கத்தினேன். திறந்தார். என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். என் முழங்கால், அவருடைய மூச்சு, இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கே பிடிப்பது?

தேவிகாபுரம் போகும் ரோட்டோரம் ஒரு கழனியில் இருந்தாள். மோட்டார் கொட்டகையை ஒட்டிக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அதன் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். உன் மாமா பின்னாலிருந்து தவழ்ந்து போய் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

யாரோ தகவல் சொல்லி அதிகாரி ஒருத்தர் வந்தார். நல்ல மனுஷர்தான். "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா பொண்ண இல்லத்துல விட்டுடுங்கம்மா. பாசம் பாசம்னு சொல்லிகினு இருந்து பொணமா தூக்கப் போறீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று என்னால் சொல்லமுடியவில்லை. அங்கே போனால் அவளுக்குப் பசி என்றால் யாருக்குத் தெரியும்? வயிறு வலித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். அது யாருக்குத் தெரியும்?

அடுத்த அமாவாசை வருகிறது. எனக்கு வேறு தேதி எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை.

நேரத்துக்குத் தூங்கு. தலைக்கு எண்ணெய் வை.

உன் அத்தை,
கற்பகம்


டெல்லி,
24.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்குகிறீர்களா என்று எழுதுங்கள்.

அந்த மௌன மண்டபத்தை மூடிவிடுங்கள். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்ததில் வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். மெத்தைகளை வெயிலில் போட்டுவிட்டு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசை விஷயத்தை ஜெயச்சந்திரன் சாரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். சிரித்தார். "உங்க ஊர்ல பௌர்ணமிக்கு என்ன பண்ணுவாங்க?" என்றார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன் மாமா. அறைக்கு வந்த பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

சித்திரை அமாவாசைக்கு நான் லீவு போட்டுவிட்டு வரட்டுமா? அவளைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு கண் இருந்தால் நல்லதுதானே.

உங்கள்
லாவண்யா


ஆரணி,
11.5.2024

லாவண்யாவுக்கு,

கோபிநாத் போய்விட்டான். ரேணுகாம்பாளின் மகன். எட்டு வயது.

அமாவாசையன்று மத்தியானம். அவள் சோறு வடித்துவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். தெருவே ஓடினோம். ஆளுக்கொரு திசை. கிணற்றில் இருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் விழுந்த சத்தம் கழனிக்காரருக்குக் கேட்கவில்லை.

நான்தான் இறங்கித் தூக்கினேன்.

நீ வரவேண்டாம். துர்கா வீட்டில்தான் இருக்கிறாள். அவள் இடுப்பையும் கற்பகத்தின் இடுப்பையும் ஒரே புடவையில் சேர்த்துக் கட்டிவைத்திருந்தோம்.

மாணிக்கவேல்


டெல்லி,
20.5.2024

மாமா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். என்ன எழுதினாலும் தப்பாக இருக்கிறது. ரேணுகா அக்காவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள், நான் அந்தக் கமிட்டியில் இருக்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். நீங்கள் வழக்கம்போலப் பெரிதாக ஏதாவது அளந்து ஒரு கடிதம் எழுதுங்கள், எனக்காக.

லாவண்யா


ஆரணி,
10.6.2024

அன்பு மருமகளுக்கு, உன் மாமன் எழுதுவது. உடம்பால் சௌக்கியம். நீ அளக்கச் சொல்கிறாய். இந்த முறை அளக்காமலே உனக்கு மயக்கம் வரும். உட்கார்ந்துகொண்டு படி.

வைகாசி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே வாசல் கதவையும் பின்கதவையும் மாறி மாறிப் பூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். துர்கா கூடத்தில் அங்கும் இங்கும் நடக்கிறாள், கையை உதறுகிறாள், கதவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். அவள் பார்க்கப் பார்க்க நான் என் கையைப் பார்க்கிறேன். கோபியைத் தூக்கிய கை. அதைச் சும்மா வைத்திருக்க முடியாமல், பின்கதவுக்குக் கற்பகத்தைக் காவல் வைத்துவிட்டு, எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அமாவாசையில் நான் மிதி தொட்டதில்லை. என் அப்பன் தொட்டதில்லை. கற்பகம் ஓடிவந்தாள். "இன்னாங்க இது! அமாவாசையில தறி ஏறினா குடும்பம் வெளங்குமா? இருக்கற பேஜாரு பத்தாதா?"

"வெளங்கற லட்சணம் தெரிஞ்சுபோச்சு, போடி" என்று நாடாவை விட்டு நெய்யத் தொடங்கினேன்.

நாலு இழை ஓடியிருக்கும். துர்கா கதவை விட்டுவிட்டு வந்தாள். தறிக்காலில் கன்னத்தை வைத்து உட்கார்ந்தாள். கை உதறல் நின்றது. எனக்குப் புரியவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவளும் எழுந்து கதவுக்குப் போனாள். திரும்ப உட்கார்ந்து அடித்தேன், வந்தாள். நிறுத்தினேன், போனாள். கற்பகம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். "நிறுத்தாதீங்க" என்றாள் கடைசியில்.

அம்மாடி, நிலா ஒரு பாவமும் அறியாது. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து தெருவே டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருக்கிறது. அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு இவர்களுடைய உலகம் திடீரென்று நின்றுபோகிறது. நமக்கு ஓய்வு நாள், இவர்களுக்கு நெஞ்சுத்துடிப்பு நின்ற நாள். அதைத் தேடித்தான் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. துர்கா ரைஸ் மில்லுக்குப் போனது மில் ஓடியதால். பங்குனியில், உனக்கு எழுதாமல் மறைத்தேன், கழனிக்குப் போனது மோட்டார் ஓடியதால். அமாவாசையில் அவை நிற்பதில்லை. தெருவே சத்தமற்றுக் கிடந்த நாளில் நான் அவளைச் சத்தமில்லாத அறையில் போட்டுப் பூட்டினேன். இந்த ஊரில் பிறந்தவனைத் தவிர வேறு எவனாலும் செய்யமுடியாத முட்டாள்தனம்.

கோபியும் கிணற்றுக்குப் போகவில்லை. மோட்டாருக்குப் போனான். இதை ரேணுகாம்பாளிடம் எப்படிச் சொல்வது?

உன் சார் சிரித்தால் சிரிக்கட்டும். நீ சொல்.

தறியை நிறுத்த அனுமதி இல்லாத,
மாணிக்கவேல்


டெல்லி,
5.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலமா? இரண்டு மாதம் பதில் எழுதாததற்கு என்னைத் திட்டியிருப்பீர்கள். கையில் எதுவும் இல்லாமல் எழுத எனக்குப் பயமாக இருந்தது.

உங்கள் கடிதத்தை ஜெயச்சந்திரன் சாரிடம் நான் வாய்மொழியாகச் சொல்லவில்லை. அப்படியே படித்துக்காட்டினேன், போடி என்று அத்தையைச் சொன்னது உட்பட. கோபிநாத் பெயர் வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். படித்து முடித்ததும், "ஒரு தெரு சாட்சி ஆகாதும்மா. ஆனா கேள்வி ஆகும். மத்த ஊர்ல கேளுங்க" என்றார்.

நம்முடையதைப் போன்ற சின்ன அறக்கட்டளைகளுக்கு எழுதினேன். பெரிய மருத்துவமனைகளிடம் இந்த விவரம் இருக்காது. பிள்ளை எந்த நாளில், எந்தப் பக்கமாக ஓடியது என்பது அம்மாக்களுக்குத்தான் தெரியும். ஒரு மீனவர் குப்பத்திலிருந்து பதில் வந்தது: தடைக்காலத்தில் படகு எஞ்சின் நிற்கும்போது இரண்டு பிள்ளைகள் அடிக்கடி காணாமல் போகிறார்கள். ஒரு ரயில்வே காலனியில், பாதை வேலைக்காக வண்டிகளை நிறுத்திய வாரத்தில் இப்படி நடந்திருக்கிறது. இன்னோர் ஊரில் நேர்மாறு: திருவிழா மைக் கட்டினால்தான் பிள்ளை ஓடுகிறான். பல ஊர்களில் சத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே சட்டம் மாதிரி ஒன்றும் சொல்லமுடியாது. ஆனால் ஓசையில்லாத அறை எல்லாப் பிள்ளைக்கும் நல்லது என்ற வரியை எடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி முறையாக ஓர் ஆய்வு நடத்தப்போகிறார்கள். இல்லம் பற்றிய வரி இன்னும் இருக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை.

நேற்று ஆடி அமாவாசை. நாள் முழுக்க உங்கள் போனுக்காகக் காத்திருந்தேன். வராததால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொண்டேன். சரிதானே?

உங்கள்
லாவண்யா


ஆரணி,
6.9.2024

மத்திய அரசையே ஒரு வரி பின்வாங்கவைத்த வீராங்கனைக்கு, அமாவாசைத் தறிகாரன் எழுதுவது. சரிதான், எல்லாரும் நலம்.

இப்போது அமாவாசைதோறும் நம் வீடு ஒரு தர்பார். அறக்கட்டளைப் பிள்ளைகள் நாலு பேரும் வந்துவிடுவார்கள். நான் விடாமல் அடிப்பேன். அவர்கள் தறியைச் சுற்றி அவரவர் இடத்தில் இருப்பார்கள். என் முதுகெலும்பு கிழக்கு மேற்காக வளைந்து, சாப்பிட உட்கார்ந்தால் வாய் முதுகுப்பக்கம் இருக்கிறது.

தெருவுக்குத்தான் பிடிக்கவில்லை. பெரியவர் ராஜவேலு அண்ணன் வாசலில் நின்று சத்தம் போட்டார். "ஏன்டா, ஒனக்கொரு நியாயம் ஊருக்கொரு நியாயமா? நாளைக்கு பாவு நூலு அறுந்தா, மழ கொட்டுனா, எவன் பதில் சொல்றது?" என்னோடு சேர்ந்து இன்னொரு தறி ஓட்டச் சொல்லி நாலு வீடு ஏறிக் கேட்டேன். ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். போன வருஷம் என்னைக் கேட்டிருந்தால் நானும் கதவைச் சாத்தியிருப்பேன்.

ரேணுகாம்பாளிடம் சொன்னேன். மோட்டார் சத்தத்துக்குத்தான் போனான் என்று. முழுக்கக் கேட்டாள். "அப்போ எங்கிட்டருந்து ஓடலயாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். இல்லம்மா என்றேன். அழவில்லை. கோபி போன அன்று அவள் தன் தறியின்மேல் போர்த்திய துப்பட்டி இன்னும் அப்படியே இருக்கிறது.

இரவில் படுத்தால் ஒரு கணக்கு ஓடுகிறது. கற்பகத்தின் முழங்கால் நாள் முழுக்க மிதி தாங்காது. எனக்குக் காய்ச்சல் வந்தால்? கை விழுந்துவிட்டால்? அன்றைக்கு அமாவாசையாக இருந்தால்? இதற்கு உன் கமிட்டியிடம் ஏதாவது இருக்கிறதா?

நெய் அனுப்பியிருக்கிறேன். நக்கித் தீர்க்காதே, உருக்கிச் சாப்பிடு.

உன் மாமன்,
மாணிக்கவேல்


டெல்லி,
14.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நெய் தீர்ந்துவிட்டது. அத்தைக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்குக் கமிட்டியிடம் பதில் இல்லை. ஒரு தாள்தான் இருக்கிறது. ஆய்வு முடிய இரண்டு வருஷம் ஆகும். அதுவரை சோதனைக்காகச் சில மாவட்டக் காவல் நிலையங்களுக்கு ஒரே ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். நம் மாவட்டமும் அதில் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தை காணாமல் போனால் போட்டோ கேட்பதற்கும் முன்னால் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "இந்தக் குழந்தை எந்த ஓசையோடு வளர்ந்தது? இன்று அது நின்றுவிட்டதா?" இந்த வரி உங்கள் தறியிலிருந்து வந்தது மாமா. கீழே யார் பெயரும் இருக்காது.

இல்லம் பற்றிய வரியை ஆய்வு முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நீக்கவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் துர்கா மறுபடி காணாமல் போனால் அவர்கள் கை அந்த வரிக்குத்தான் போகும். அதனால் பத்திரம்.

வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டே இருங்கள். மழை அதிகமாம்.

உங்கள்
லாவண்யா


ஆரணி,
6.12.2024

அன்புள்ள லாவண்யாவுக்கு,

முதலில் இதைப் படித்துவிடு: துர்கா உயிரோடு, வீட்டில், என் பக்கத்தில் இருக்கிறாள். போன் வேலை செய்யாததால் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று தெரியும். இனி மெதுவாகப் படி.

கார்த்திகை அமாவாசையும் புயலும் சேர்ந்து வந்தன. மற்ற மூன்று பிள்ளைகளையும் மழைக்கு முன்பே உறவுக்காரர் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சனிக்கிழமையே மின்சாரம் போய்விட்டது. என் தறிக்கு மின்சாரம் எதற்கு? அடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை தெருத் தண்ணீர் வாசல்படி ஏறித் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டது. மிதி மூழ்கிப்போனது. நானும் கற்பகமும் வாளி வாளியாக இறைத்தோம். எத்தனை வாளி என்று தெரியாது. நிமிர்ந்தபோது கதவு திறந்திருந்தது.

லாவண்யா, எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. தறி, ஓசை, நான் கண்டுபிடித்தது, உனக்குப் பக்கம் பக்கமாக எழுதியது எதுவும் வரவில்லை. கோபி கிடந்த கிணறுதான் கண்ணில் நின்றது. "துர்கா, துர்கா" என்று கத்திக்கொண்டு மழையில் ஓடினேன். பெயர் சொன்னால் திரும்பமாட்டாள் என்பதுகூட மறந்துபோனது.

முச்சந்தியில் வெள்ளத்துக்குக் காவல் நின்ற எஸ்.ஐ. ஜெயப்ரியா என்னைப் பிடித்து நிறுத்தினார். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். பொண்ணக் காணோம், பேச்சு வராது என்று உளறினேன். "ஆட்டிசமா?" என்றார். தலையாட்டினேன். "எந்த சத்தத்துல வளந்துச்சு? அது இன்னிக்கி நின்னுபோச்சா?"

நான் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தறிங்க" என்றேன். "நின்னுபோச்சு."

"அப்போ இப்ப ஊர்ல எது சத்தம் போடுது?"

மில் இல்லை, மோட்டார் இல்லை. கரண்ட் இல்லாத ஊரில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. ஆறு. நாகநதி கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் இரண்டு போலீஸ்காரர்களோடு ஆற்றுக்கு ஓடினார். ஓடிக்கொண்டே திரும்பி, "நீங்க போயி தறிய ஓட்டுங்க! ஜல்தி!" என்று கத்தினார். என் தறி தண்ணீரில் கிடக்கிறது. மேட்டு வீடுகளில்தான் காய்ந்த தறி இருக்கிறது. ராஜவேலு அண்ணன் கதவைத் தட்டினேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தறியில் இறங்கினார். "அமாவாசைண்ணே" என்றேன், பைத்தியக்காரன் மாதிரி. "பாவம் எந்தலையில ஏறட்டும். நீ போயி அடுத்த வூட்டத் தட்டுடா. கதவெல்லாம் தொறந்து வெக்கச் சொல்லு."

தட்டினேன். ஒவ்வொன்றாகத் தறி கிளம்பியது. மழைக்கு நடுவில், அமாவாசையில், கதவைத் திறந்துபோட்டுத் தெருவே அடித்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே ஆற்றுப் பக்கம் நடந்தேன். கரையிலிருந்து ஜெயப்ரியா கையை விரித்துக் காட்டினார். அங்கே இல்லை. இல்லை என்றால் வரவில்லையா, வந்து போய்விட்டாளா? தண்ணீரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திரும்பிக்கொண்டேன்.

ஆற்றுக்கு முன்னால், கரை மேட்டில் இருக்கும் கடைசி வீடு ரேணுகாம்பாளுடையது. கதவு திறந்திருந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. துப்பட்டி தரையில் கிடந்தது. துர்கா சொட்டச் சொட்ட நனைந்து, தறிக்காலில் கன்னத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கத்தப் போனேன். ரேணுகாம்பாள் தலை நிமிராமல் சொன்னாள்: "நான் நிறுத்தமாட்டேண்ணா. நீங்க மெதுவா வந்து ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். நான் கத்திக்கொண்டு ஓடியது காதில் விழுந்ததுமே ரேணுகாம்பாள் தறியில் உட்கார்ந்துவிட்டாளாம். அப்புறம் கற்பகம் வந்தாள், ஜெயப்ரியா வந்தார். பெண்ணை இல்லத்தில் விடச் சொன்ன அதிகாரிக்கு எழுதவேண்டியது இருக்கிறதே என்று நான் இழுத்தேன். அவர் தொப்பியைப் பிழிந்துகொண்டே, "காணாம போன கொழந்தன்னு எழுதணும்னா மொதல்ல காணாம போயிருக்கணும்ங்க. இது பக்கத்து வூட்ல கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். இரவெல்லாம் ரேணுகாம்பாளும், முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கற்பகமும் மாறி மாறி அடித்தார்கள்.

ரேணுகாம்பாள் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். நீ அந்தக் கமிட்டியில் இருப்பது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். அந்தத் தாளில் இன்னொரு வரி சேர்க்கமுடியுமா என்று கேட்டாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நீ திருத்தாதே:

"தேடறதுக்கு எல்லாரும் ஓடாதீங்க. ஒருத்தராவது வூட்ல ஒக்காந்து அந்த சத்தத்தப் போட்டுகினு இருங்க. எம்புள்ளய தேடி நாங்க எல்லாருமே ஓடிட்டோம். அவன் திரும்பி வந்திருந்தாலும் தெரு சத்தமில்லாமதான் கெடந்திருக்கும்."

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மாடி. பொங்கலுக்கு வா.

உன் மாமா,
மாணிக்கவேல்